அக்கரைச் சம்பாத்தியம், இக்கரை வீடு

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்று நம் பெரியோர் சொன்னபோது, வீடு கட்டுகிறவன் அந்த ஊரிலேயே இருப்பான் என்று எண்ணித்தான் சொல்லியிருக்க வேண்டும். கடகாலுக்குக் கயிறு பிடிக்கும்போது அவன் மஸ்கத்தில் இருப்பான், வாசற்கால் வைக்கும்போது டெலிபோன் கண்ணாடியிலே எட்டிப் பார்ப்பான், கிருகப்பிரவேசத்துக்குப் பதினைந்து நாள் லீவில் ஓடி வந்து பால் பொங்கியதும் விமானம் ஏறிவிடுவான் என்பதெல்லாம் அவர்கள் கனவிலும் கண்டிராத விஷயம். கண்டிருந்தால் அந்தப் பழமொழியில் இன்னும் ஒரு வாக்கியம் சேர்த்திருப்பார்கள் என்பது நம் அபிப்பிராயம்.

சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஐயப்பன்தாங்கலுக்குப் போயிருந்தோம். சென்னையிலிருந்து பூந்தமல்லி செல்லும் பாதையில் போரூரைத் தாண்டினால் வருவது இந்த ஊர். பஸ் டெப்போ ஒன்று இங்கே இருப்பதால், ஊரைப் பார்த்திராதவர்கள்கூட பஸ்ஸின் நெற்றியில் அதன் பெயரைப் படித்திருப்பார்கள். சாலைக்கு மேலே, கலங்கரை விளக்கத்தையும் பூந்தமல்லியையும் இணைக்கும் மெட்ரோ ரெயிலின் பாதை தூண்கள் மீது நீண்டு கிடக்கிறது. சாலையை விட்டுக் குறுக்குத் தெருக்களில் புகுந்தால் வீடு, வீடு, வீடு! சுமார் ஐம்பது வருஷத்துக்கு முன் நாற்று நட்ட பூமி இது என்று நம்புவதே கஷ்டம்.

அந்தத் தெருக்களில் நடக்கும்போது ஒன்று கண்ணில் பட்டது. ஒவ்வொரு தெருவிலும் இரண்டு மூன்று வீடுகள் மற்றவற்றைவிடப் பெரியவை, புதியவை. ஆனால் ஜன்னல்கள் சாத்திக் கிடக்கின்றன. வாசலில் கோலமில்லை. கேட்டில் பூட்டு. ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த காவற்காரக் கிழவரை, "யார் வீடு ஐயா?" என்று விசாரித்தோம். "அமெரிக்கா வீடுங்க" என்றார். எதிர் வீட்டைக் காட்டினோம். "அது துபாய் வீடு" என்றார். "அந்த மூலை வீடு?" "அது சிங்கப்பூர்." உலகப் படத்தைத் தெருவில் விரித்து வைத்தாற் போலிருந்தது. ஆனால் அந்தப் படத்தில் மனிதர்களைத்தான் காணோம்.

பாட்டன் கட்டிய மாளிகை

அக்கரையில் சம்பாதித்து இக்கரையில் வீடு கட்டுவது தமிழனுக்குப் புதிதல்ல. செட்டிநாட்டுக்குப் போய்ப் பாருங்கள். பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் லேவாதேவி நடத்திய நகரத்தார், சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிலும் அதற்கு முன்னும் அங்கே எழுப்பிய வீடுகளைக் கண்டு இன்றும் வெளிநாட்டார் வாய் பிளக்கிறார்கள். பர்மாத் தேக்குத் தூண், இத்தாலியச் சலவைக்கல், ஆத்தங்குடிக் கல் தளம், ஒரு தெருவில் வாசலும் அடுத்த தெருவில் கொல்லையுமாக ஓடும் கட்டுக்கள்! பாட்டன் இரங்கூனில் பாய் விரித்துப் படுத்துக் காசு சேர்த்தார். பேரனுக்காகக் காரைக்குடியில் மாளிகை எழுந்தது.

ஆனால் அவர்கள் அக்கரையிலும் நிலம் சேர்த்தார்கள். இந்தப் பகுதியைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். 1930-ம் வருஷத்தில் பர்மாவின் முக்கியமான நெல் ஜில்லாக்கள் பதின்மூன்றில் நூற்றுக்கு ஆறு பங்கு நிலம் செட்டியார்கள் வசம் இருந்தது. நெல் விலை படுவீழ்ச்சி அடைந்து, கடன் வாங்கிய பர்மிய விவசாயிகள் திருப்பிக் கொடுக்க முடியாமற் போகவே, 1937-ல் அது நூற்றுக்கு இருபத்தைந்தாகிவிட்டது. ஈட்டுக்கு வந்த நிலமேயன்றி ஆசைப்பட்டு வாங்கிய நிலமல்ல என்று அவர்கள் சொன்னதில் உண்மை உண்டு. தன் நிலத்தை இழந்த பர்மியனுக்கு ஏற்பட்ட கோபத்திலும் நியாயம் உண்டு. பிறகு நடந்தது தெரிந்ததே. 1941 டிசம்பரில் இரங்கூன் மீது ஜப்பானியர் குண்டு வீசினார்கள். லட்சக்கணக்கான இந்தியர் காட்டு வழியே கால்நடையாக ஓடி வந்தார்கள். வழியில் மாண்டவர் எத்தனையோ பேர். யுத்தம் முடிந்து பர்மா சுதந்தரம் அடைந்ததும் 1948-லும் 1953-லும் நிலத்தைத் தேசியமாக்கும் சட்டங்கள் வந்தன. அக்கரை நிலம் காகிதமாயிற்று. மிஞ்சியது இக்கரை மாளிகை ஒன்றுதான். அவற்றிலும் பல இன்று பூட்டிக் கிடக்கின்றன.

மாளிகை கட்டியவர்கள் கதை இது. மண்ணே கிடைக்காதவர்கள் கதை வேறு. இலங்கை மலைநாட்டுக்குக் காப்பித் தோட்டமும் தேயிலைத் தோட்டமும் போட அழைத்துச் செல்லப்பட்ட நம் தமிழ் மக்கள், நூறு வருஷத்துக்கு மேல் 'லயம்' என்ற வரிசை அறைகளில் குடியிருந்தார்கள். கூரை தோட்டத்துக்காரனுடையது, சுவர் தோட்டத்துக்காரனுடையது. இவர்களுடையது என்று சொல்ல அடுப்புச் சாம்பல்தான். 1948-ல் பிரஜா உரிமையும் பறிபோயிற்று. அப்படி இருந்தவர்களின் சந்ததியாருக்கு, நம் இந்திய அரசாங்கத்தின் உதவியுடன் தோட்டப் பகுதிகளில் தனி வீடுகள் கட்டித் தரும் வேலை 2016-ம் வருஷத்தை ஒட்டி ஆரம்பமாயிற்று. குடும்பத்துக்கு 7 பேர்ச் நிலம் என்பது கணக்கு. நம் ஊர் அளவில் அது ஏறத்தாழ 1,900 சதுர அடி. ஒரு கிரவுண்டுக்கும் குறைவு. ஆனால் அந்த ஏழு பேர்ச்சுக்கு ஐந்தாறு தலைமுறை காத்திருக்க வேண்டியிருந்தது.

மலேயாவில் இன்னொரு விதம். தேசம் சுதந்தரம் அடைந்ததும் வெள்ளைக்காரத் துரைமார் தங்கள் ரப்பர்த் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுக் கப்பலேறத் தொடங்கினார்கள். தோட்டம் துண்டானால் தொழிலாளி நடுத்தெருவில் நிற்பான். வி. தி. சம்பந்தன் என்ற தமிழ் மந்திரி 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஸ்தாபித்தார். தோட்டந்தோறும் போய், கூலிப் பணத்திலே கொஞ்சம் மிச்சப்படுத்திப் பங்கு வாங்கச் சொன்னார். பால் வெட்டும் பெண்கள் தவணை தவணையாகப் பணம் கட்டினார்கள். கெடா மாகாணத்தில் புக்கிட் சீடிம் தோட்டத்தை முதன்முதலில் வாங்கினார்கள். யார் மரத்தில் பால் வெட்டினார்களோ அவர்களே அந்த மரத்துக்குச் சொந்தக்காரரானார்கள். கடல் கடந்த தமிழன் நிலம் வாங்கிய கதைகளில் நமக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஏன் இங்கேயே வாங்குகிறார்கள்?

இன்று வெளிநாடு செல்லும் நம் பிள்ளைகள் லேவாதேவிக்கும் போவதில்லை. பால் வெட்டவும் போவதில்லை. மின்சார வேலை, கணக்கு வேலை, கம்ப்யூட்டர் வேலை, ஆஸ்பத்திரி வேலை. ஆயினும் மனத்தில் இருப்பது அதே ஆசை.

வளைகுடா நாடுகளுக்குச் செல்கிறவனுக்கு வேறு வழியும் இல்லை. இருபது வருஷம் உழைத்தாலும் அந்நாட்டுப் பிரஜையாவது அநேகமாக நடக்காத காரியம். வேலை முடிந்தால் திரும்ப வேண்டியதுதான். துபாயில் 2002-ம் வருஷத்தில் குறிப்பிட்ட பகுதிகளில் அந்நியரும் சொத்து வாங்கலாம் என்று கதவைத் திறந்தார்கள். ஆனால் அந்த விலை சாதாரணக் குமாஸ்தாவுக்கு எட்டுவதில்லை. சிங்கப்பூரில் அந்நியன் தனி மனையோடு கூடிய வீடு வாங்க அரசாங்கத்தின் விசேஷ அநுமதி வேண்டும். அமெரிக்காவில் வாங்கலாம், நம்மவர் பலர் வாங்கியும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் தாய் தகப்பனார் இங்கே இருக்கிறார்கள். தாய் தகப்பனார் வாடகை வீட்டில் இருக்கும்போது பிள்ளைக்கு அங்கே மாளிகையிலும் தூக்கம் வராது.

ஆகையால் பணம் வருகிறது. வெளிநாட்டிலிருந்து தாய்நாட்டுக்குப் பணம் அனுப்புவதில் உலகத்திலேயே நம் தேசத்தார் முதலிடத்தில் இருக்கிறார்கள். 2024-ம் வருஷத்தில் வந்தது சுமார் 12,900 கோடி டாலர் என்று உலக வங்கி மதிப்பிட்டது. அந்த ஆற்றிலிருந்து பிரிந்த ஒரு சிறு வாய்க்கால் ஐயப்பன்தாங்கலிலும் பாய்ந்திருக்கிறது. விமான நிலையம் பக்கம், போரூரில் பெரிய ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடங்கள் உண்டு. வயதான பெற்றோரைக் குடிவைக்க இதைவிட சௌகரியமான இடம் எது?

ஊர்ப் பெயரே சாஸனம்

ஆனால் மனை வாங்குவதற்கு முன் ஊரின் பெயரைச் சற்று நிதானமாக உச்சரித்துப் பார்க்க வேண்டும். 'தாங்கல்' என்றால் என்ன? மழை நீரைத் தாங்கி வைக்கும் சிறு ஏரி. வேடந்தாங்கலும் தாங்கல்தான், பழவந்தாங்கலும் தாங்கல்தான். இந்த ஊரைச் சுற்றிலும் போரூர், பரணிபுத்தூர், மௌலிவாக்கம், கொளப்பாக்கம் என்று திரும்பிய பக்கமெல்லாம் ஏரி இருந்த ஊர்கள். ஒன்று நிரம்பினால் அடுத்ததற்குத் தண்ணீர் போகும்படி முன்னோர் அமைத்திருந்தார்கள். ஏரி சுருங்கிற்று, வாய்க்கால் தெருவாயிற்று. பெயர் மட்டும் மாறவில்லை. பத்திரத்தில் எழுத மறந்த உண்மையை ஊர்ப் பெயர் ஞாபகம் வைத்திருக்கிறது.

2015 டிசம்பரில் அந்த ஞாபகம் பலிக்கவே செய்தது. விடாத மழை, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை அடையாற்றில் திறந்துவிட்டார்கள். ஆற்றங்கரை ஊர்கள் மூழ்கின. ஆற்றை விட்டு விலகியிருந்த ஏரிப் பகுதிகளிலும் தண்ணீர் தன் பழைய வீட்டைத் தேடிக்கொண்டு வந்தது. தண்ணீருக்குப் பத்திரம் படிக்கத் தெரியாது. பள்ளம் மட்டுமே தெரியும்.

அதற்கும் முன்னால், 2014 ஜூன் 28-ம் தேதி, பக்கத்து மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் மழையில் இடிந்து விழுந்து 61 பேர் மாண்டார்கள். ஆந்திரத்திலிருந்தும் ஒரிஸ்ஸாவிலிருந்தும் பிழைக்க வந்த தொழிலாளர்கள் அவர்களில் அநேகர். ஊர் விட்டு ஊர் வந்தவன் கட்டினான், தேசம் விட்டுத் தேசம் போனவன் வாங்க இருந்தான். நடுவில் மண்ணைப் பற்றிக் கவலைப்பட வேண்டியவர்கள் கவலைப்படவில்லை.

ஒரு மாணாக்கனின் கதை

நாம் ஐயப்பன்தாங்கலுக்குப் போனது ஊர் பார்க்க அல்ல. நம்மிடம் படித்த ஒரு மாணாக்கனின் தாயாரைப் பார்க்க. பெயர் வேண்டாம். மின்சாரத் தொழில் கற்று 2003-ல் ஓமானுக்குப் போனவன். மாதந்தோறும் பணம் அனுப்பினான். 2008-ல் லீவில் வந்தபோது அரை கிரவுண்டு மனை, அதாவது 1,200 சதுர அடி, ஐயப்பன்தாங்கலில் முடித்தான். சொந்தக்காரர் வயோதிகர், அவர் கொடுத்த அதிகாரப் பத்திரத்தை வைத்துக்கொண்டு ஒருவர் விற்றார். பத்திரம் பதிவாயிற்று. கையில் இரண்டே வாரம் லீவு. யாரையும் விசாரிக்க நேரமில்லை. விசாரிக்க வேண்டுமென்று தோன்றவும் இல்லை.

2012-ல் கடகால் தோண்ட ஆள் விட்டபோது மூன்று பேர் வந்து நின்றார்கள். வயோதிகரின் வாரிசுகள். கிரயத் தேதிக்கு நாலு மாதத்துக்கு முன்பே அவர் காலமாகிவிட்டார் என்று மரணச் சான்றை நீட்டினார்கள். அதிகாரம் கொடுத்தவர் இறந்தால் அதிகாரமும் இறந்துவிடும் என்பது 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம். மனையை விற்றவரைத் தேடினால் ஆளைக் காணோம். இரண்டு வருஷம் அலைந்து, வாரிசுகளுக்கு மறுபடியும் ஒரு தொகை கொடுத்து, 2014-ல் அவர்களிடம் புதிதாகப் பத்திரம் எழுதி வாங்கினான். ஒரே மனைக்கு இரண்டு விலை!

அதோடு விட்டதா? அது அங்கீகாரமில்லாத மனைப் பிரிவு. விளைநிலங்களைக் கூறு போட்டு விற்பதைத் தடுக்க, அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பர் 9-ம் தேதி சென்னை ஹைகோர்ட் உத்தரவிட்டது. தமிழ் நாடெங்கும் மனை வியாபாரம் ஸ்தம்பித்தது. 2017 மே மாதம் வரன்முறைப்படுத்தும் விதிகளை அரசாங்கம் வெளியிட்டது. 2016 அக்டோபர் 20-ம் தேதிக்கு முன் பதிவான மனைகளைக் கட்டணம் செலுத்தி ஒழுங்குபடுத்திக்கொள்ளலாம் என்றார்கள். இவனும் கட்டினான். 2019-ல் வீடு எழும்பியது.

அந்த அம்மாள் நமக்குக் காப்பி கொடுத்துவிட்டுச் சொன்னார்: "வாத்தியார் ஐயா, இந்த வீடு அவருக்காகத்தான் ஆரம்பிச்சது. 'அப்பா, சொந்த வாசல்லே நாற்காலி போட்டு நீங்க பேப்பர் படிக்கணும்'னு பையன் எப்பவும் சொல்லுவான். அவர் 2016-லே, வாடகை வீட்டிலேயே போயிட்டார். நாற்காலி மட்டும் வந்திருக்கு."

வாசல் தாழ்வாரத்தில் ஒரு சாய்வு நாற்காலி கிடந்தது. நாம் அதில் உட்காரவில்லை.

சற்று நேரத்துக்கெல்லாம் பிள்ளையே டெலிபோனில் வந்துவிட்டான். "ஸார், வீட்டைப் பார்த்தீர்களா? தரையை ஏன் மூன்றரை அடி தூக்கியிருக்கேன் தெரியுமா? 2015 வெள்ளத்திலே மனை காலியாக் கிடந்தது. எதிர் வீட்டுச் சுவரிலே தண்ணீர் நின்ற கோடு இருந்தது. அம்மா ஒரு நூலை எடுத்துக்கொண்டு போய் அளந்துவிட்டு வந்தாங்க. அதற்கு மேலே ஒரு அடி வைத்துக் கட்டினேன். தாமதமானதிலே எனக்குக் கிடைத்த லாபம் அது ஒன்றுதான் ஸார்" என்று சிரித்தான். பிறகு, "உங்க பத்திரிகையிலே எழுதுங்க ஸார். இங்கே என்னோடு வேலை செய்கிற பத்துப் பேர் ஊரிலே மனை வாங்கப் பணம் அனுப்பிக்கொண்டே இருக்காங்க. யாரும் விவரம் கேட்கிறதில்லை" என்றான்.

அந்த வார்த்தைக்குக் கட்டுப்பட்டுத்தான் இதை எழுதுகிறோம்.

மனை வாங்குமுன்

வெளிநாட்டில் வசிக்கும் இந்தியப் பிரஜை இங்கே வீடோ, வீட்டு மனையோ, கடையோ தாராளமாக வாங்கலாம். ரிசர்வ் வங்கியின் தனி அநுமதி தேவையில்லை. ஆனால் விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு இம்மூன்றையும் கிரயத்துக்கு வாங்கக் கூடாது. பூர்வீகமாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். ரிக்கார்டில் இன்னும் நஞ்சை என்றிருக்கும் கழனியை 'வருங்கால மனை' என்று யாராவது காட்டினால், வெளிநாட்டில் இருப்பவர் கும்பிடு போட்டுவிட்டு விலகுவது உத்தமம். கிரயப் பணம் வங்கி மூலமாகவே போக வேண்டும். அந்நிய நாணய நோட்டாகக் கையில் கொடுப்பது சட்ட விரோதம். கிரயம் 50 லட்சம் அல்லது அதற்கு மேலானால், விற்பவர் இங்கே வசிப்பவராயின், நூற்றுக்கு ஒரு ரூபாய் வருமான வரிக்காகப் பிடித்துக் கட்டுவது வாங்குபவரின் பொறுப்பு.

அடுத்தது பத்திரங்கள். விற்பவர் பெயரில் உள்ள கிரயப் பத்திரம் மட்டும் போதாது; அவருக்கு அது எப்படி வந்தது என்று காட்டும் தாய்ப் பத்திரம், அதற்கும் மூலம் எது என்று குறைந்தது முப்பது வருஷம் பின்னோக்கிப் போக வேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணி இல்லாவிட்டாலும் சங்கிலியே இல்லை. வில்லங்கச் சான்று எடுத்துப் பார்க்க வேண்டும். பதிவுத் துறையின் இணைய தளத்தில் மஸ்கத்தில் உட்கார்ந்துகொண்டே பார்க்கலாம். ஆனால் வில்லங்கச் சான்று பதிவானதை மட்டுமே சொல்லும்; பதிவாகாத குடும்பச் சண்டையும் கோர்ட் வழக்கும் அதில் தெரியாது. பட்டா யார் பெயரில் இருக்கிறது, கிராம நிலப் பதிவேட்டில் அந்த சர்வே எண் என்ன வகை, ஏரிப் புறம்போக்கா, வாய்க்காலா, நத்தமா என்று வருவாய்த் துறைக் கணக்கில் பார்க்க வேண்டும். புலப்படம் வாங்கி, சர்வேயரைக் கொண்டு நாலு மூலையும் அளந்து கல் நட வேண்டும். பட்டா மட்டும் உரிமையாகாது. பத்திரம் மட்டும் நிலமாகாது. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும்.

பெரிய மனைப் பிரிவாகவோ அடுக்கு மாடியாகவோ இருந்தால், 2016-ம் வருஷத்து மனை வணிகச் சட்டப்படி பதிவு செய்யப்பட்டதா என்று பார்க்க வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைத் திட்டங்களும் எட்டுக்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட கட்டடங்களும் பதிவு செய்தாக வேண்டும். அத்தகைய இடங்களில், பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் முன்பணம் கேட்பது குற்றம். செலவுக் கணக்குப் போடும்போது முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்பதையும் மறக்கக் கூடாது. இதை மிச்சம் பிடிக்க நினைத்து, 'கிரயம் வேண்டாம், பவரே போதும்' என்பார் பேச்சுக்கு இணங்குகிறவர்கள் உண்டு. அதிகாரப் பத்திரத்தால் நிலத்தின் உரிமை மாறாது என்று சுப்ரீம் கோர்ட் 2011 அக்டோபரிலேயே திட்டமாகச் சொல்லியாயிற்று.

அதிகாரப் பத்திரம் என்னும் கத்தி

வெளிநாட்டில் இருப்பவருக்கு அதிகாரப் பத்திரம் இல்லாமல் காரியம் நடவாது. ஆனால் அது வீட்டுச் சாவியைக் கொடுப்பது போன்றதல்ல. கையெழுத்தையே கழற்றிக் கொடுப்பது போன்றது. ஆகவே, பொது அதிகாரம் கொடாமல் குறிப்பிட்ட ஒரு காரியத்துக்கு மட்டும் விசேஷ அதிகாரம் கொடுப்பதே நலம். வாங்குவதற்கு அதிகாரம் கொடுத்தால் விற்பதற்குக் கொடுக்க வேண்டியதில்லை. எந்த மனை, எத்தனை சதுர அடி, எவ்வளவு காலம் என்பதை எழுதிவிட வேண்டும்.

வெளிநாட்டில் எழுதும் அதிகாரப் பத்திரம் அங்குள்ள இந்தியத் தூதரக அதிகாரி அல்லது நோட்டரி முன்னிலையில் கையெழுத்தாகி அத்தாட்சி பெற வேண்டும். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். பிறர் அதிகாரத்தின் பேரில் விற்க வரும்போதோ, அதிகாரம் கொடுத்த சொந்தக்காரரை நேரிலோ டெலிபோன் கண்ணாடியிலோ கண்ணால் காணாமல் ஒரு ரூபாயும் நகரக் கூடாது. இந்த ஒரு யோசனையை 2008-ல் யாராவது நம் மாணாக்கன் காதில் ஓதியிருந்தால், அந்தச் சாய்வு நாற்காலியில் ஒருவர் நாலைந்து வருஷமாவது உட்கார்ந்து பேப்பர் படித்திருப்பார்.

அதிகாரத்தை யாருக்குக் கொடுப்பது? மைத்துனன், சித்தப்பா, பால்ய சிநேகிதன் என்று நாம் தேடுவோம். உறவு வேறு, கணக்கு வேறு. அண்ணன் தம்பியாயிருந்தாலும் மாதாமாதம் கணக்கு எழுதி அனுப்பச் சொல்வது அவமரியாதை ஆகாது. கணக்குக் கேட்கக் கூச்சப்பட்டு உறவை இழந்தவர்களே அதிகம்; கேட்டு இழந்தவர்கள் குறைவு.

கட்டுமானம்

அரசாங்கம் இப்போது ஒரு சௌகரியம் செய்திருக்கிறது. 2,500 சதுர அடிக்கு உட்பட்ட மனையில் 3,500 சதுர அடிக்குள் தரையும் ஒரு மாடியுமாகக் கட்டும் வீட்டுக்கு, சுய சான்று அடிப்படையில் உடனே அநுமதி பெறலாம். 2024 ஜூலையில் இது அமலுக்கு வந்தது. அநுமதி சுலபம் என்பதால் விதி தளர்ந்துவிட்டதென்று அர்த்தமல்ல. பொய்ச் சான்று கொடுத்தால் பொறுப்பு நம் தலையில்.

மேஸ்திரியிடம் பேசும்போது 'சதுர அடிக்கு இவ்வளவு' என்று மொத்தமாகப் பேசி முடிப்பது வழக்கம். அதில் எந்தச் சிமெண்டு, எத்தனை கனக் கம்பி, எந்த மரம், தண்ணீர்த் தொட்டி உண்டா, மதிற்சுவர் உண்டா என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். பணத்தைத் தேதி வைத்துக் கொடாமல் வேலை வைத்துக் கொடுக்க வேண்டும். கடகால் முடிந்தால் இவ்வளவு, தளம் போட்டால் இவ்வளவு என்று. ஏரிப் பகுதியில் மண் பரிசோதனைக்குச் செலவழிக்கும் சில ஆயிரம் ரூபாய், ஆயுள் இன்ஷூரன்ஸுக்கு ஒப்பானது. தளம் போட்டபின் குறைந்தது 7 நாள், கலப்புச் சிமெண்டானால் 10 நாள், ஈரம் காயாமல் தண்ணீர் நிறுத்த வேண்டும். சொந்தக்காரன் ஊரில் இல்லாத வீட்டில் முதலில் நின்றுபோவது இந்தத் தண்ணீர்தான். தினமும் ஒரு படம் எடுத்து அனுப்பும்படி யாரையாவது ஏற்பாடு செய்துகொண்டால் போதும்.

மழை நீர்ச் சேமிப்பு 2003-ம் வருஷம் முதல் தமிழ் நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். வெள்ளமும் தண்ணீர்ப் பஞ்சமும் மாறி மாறி வரும் இந்தப் பிரதேசத்தில் அது சட்டத்துக்காகச் செய்கிற காரியமல்ல. தாங்கலின் மேல் வீடு கட்டினவன், தன் கூரை மழையையாவது அந்தத் தாங்கலுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டாமா?

பூட்டும் சாவியும்

கடைசியாக ஒரு வார்த்தை. அந்தப் பூட்டிய வீடுகளைப் பற்றி.

அடிமைத் தேசத்தில் பிறந்த நம் பாட்டன்மார் கூலிக் கப்பலில் போனார்கள். சுதந்தர தேசத்தில் பிறந்த பிள்ளைகள் விமானத்தில் போகிறார்கள். அவர்கள் அனுப்பும் ஒவ்வொரு ரூபாயும் தேசத்துக்குப் பலம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த ரூபாய் ஒரு பூட்டாக மாறித் தெருவில் தொங்குமானால் யாருக்கு லாபம்? அதே ஐயப்பன்தாங்கலில், போரூர் ஆஸ்பத்திரியில் ராத்திரி வேலை பார்க்கும் தாதிப் பெண்களும், பஸ் ஓட்டும் தொழிலாளரும், நம்மைப் போன்ற உபாத்தியாயர்களும் வாடகைக்கு வீடு தேடி அலைகிறார்கள். பூட்டிய வீட்டில் கரையான் குடியேறுவதைவிட ஒரு குடும்பம் குடியேறுவது வீட்டுக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது. முறையான வாடகை ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தால் பயப்பட வேண்டியதில்லை.

நாம் விடைபெற்றுக்கொண்டபோது இருட்டிவிட்டது. அந்த அம்மாள் வாசல் வரை வந்தார். "மாடியிலே ஒரு போர்ஷன் காலியா இருக்கு, வாத்தியார் ஐயா. ஆஸ்பத்திரியிலே வேலை பார்க்கிற ரெண்டு பெண்கள் அடுத்த மாசம் வராங்க. பையன்தான் வரச் சொன்னான். ராத்திரி நேரத்திலே வீட்டிலே பேச்சுக் குரல் கேட்கணும், பாருங்க" என்றார்.

தெரு மூலை திரும்பும்போது பார்த்தோம். அமெரிக்கா வீடு, துபாய் வீடு, சிங்கப்பூர் வீடு எல்லாம் இருண்டு கிடந்தன. மூன்றரை அடி உயர்ந்த அந்த ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் மட்டும் விளக்கு எரிந்தது.